செரின் படிகத்தை அழுத்திப் பார்ப்பது எப்படி? உயர் அழுத்தப் படிகவியலுக்குப் புதிதாக வருவோருக்கு

அமினோ அமிலப் படிகத்தை அழுத்தினால் என்ன ஆகும் என்று புதிதாக வரும் மாணவர்களைக் கேட்டால், “அணுக்கள் நெருங்கும், பிணைப்புகள் சுருங்கும்” என்பார்கள். பாதிதான் சரி. மூலக்கூறுக்குள் இருக்கும் கார்பன்-கார்பன் பிணைப்பு 5 கிகாபாஸ்கலில்கூட ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். குறைவது மூலக்கூறுகளுக்கு நடுவே கிடக்கும் காலி இடம். இதை மனதில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லும் வேலைகளில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது தானாகவே பிடிபடும்.

1 கிகாபாஸ்கல் என்பது கிட்டத்தட்ட 10,000 வளிமண்டல அழுத்தம். மரியானா அகழியின் அடியில் இருப்பதே சுமார் 0.11 கிகாபாஸ்கல்தான். நாம் போகப்போவது அதைப்போல ஐம்பது மடங்கு.

பழகுவதற்கு எல்-செரின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். மலிவாகக் கிடைக்கும், தண்ணீரில் நல்ல படிகமாக வளரும். எல்லாவற்றையும்விட முக்கியம், 5 கிகாபாஸ்கலை ஒட்டி அதன் அமைப்பு மாறும்போது படிகம் பெரும்பாலும் பொடியாகாமல் ஒற்றைப் படிகமாகவே தப்பிவிடும். எடின்பரோ பல்கலைக்கழகக் குழுவினர் 2005-ல் இதை அணு அணுவாக அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் அளவு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல துணை இல்லை.

முதல் வேலை: கணினியில்

கருவியைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம் திரையின் முன்னால் உட்காருங்கள். கேம்பிரிட்ஜ் படிகத் தரவகத்தில் செரினின் அமைப்புக் கோப்புகளை ஒவ்வொன்றாக இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அவர்கள் தரும் மெர்குரி மென்பொருளின் இலவசப் பதிப்பு இதற்குப் போதும்.

சாதாரண அழுத்தத்தில் உள்ள அமைப்பைத் திறந்து, மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். செரின் மூலக்கூறு படிகத்துக்குள் இருமுனை அயனியாக இருக்கும். ஒரு முனையில் நேர்மின் அம்மோனியத் தொகுதி, மறுமுனையில் எதிர்மின் கார்பாக்சிலேட். ஒரு மூலக்கூறின் தலை அடுத்ததன் வாலைப் பிடித்து, ரயில் பெட்டிகள் போல சி அச்சின் (படிகத்தின் ஏ, பி, சி என்ற மூன்று அச்சுகளில் ஒன்று) திசையில் வரிசையாக ஓடும். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் தங்களுக்குள் கைகோத்துத் தனிச் சங்கிலி போடும். இந்தச் சங்கிலியில் ஆக்சிஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே 2.918 ஆங்ஸ்ட்ரம் (ஓர் ஆங்ஸ்ட்ரம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). செரினில் உள்ள வழக்கமான ஹைட்ரஜன் பிணைப்புகளில் நீளமானது, அதாவது இளக்கமானது, இதுதான். ஹைட்ரஜன் பிணைப்புகள் சேர்ந்து வளையங்கள் போட்டிருப்பதையும், வளையங்களின் நடுவே ஓட்டை இருப்பதையும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அழுத்தம் ஏறும்போது மூடப்போகிறவை அந்த ஓட்டைகள்தான். எங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் கையால் வரைந்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

படிகம்

வெதுவெதுப்பான தண்ணீரில் செரினைக் கரைத்து, வடிகட்டி, வாயில் துளையிட்ட தாள் கட்டி, ஆட்டம் அசைவில்லாத இடத்தில் வையுங்கள். சில நாளில் படிகங்கள் வரும். நமக்கு வேண்டியது 0.1 மில்லிமீட்டர் அகலம், அதில் பாதி தடிமன். பெரிய படிகத்திலிருந்து எண்ணெய்த் துளிக்குள் வைத்துச் சவர பிளேடால் நறுக்கியும் எடுக்கலாம். முனைப்படுத்திய ஒளியில் நுண்ணோக்கியைச் சுழற்றும்போது படிகம் முழுவதும் ஒரே சமயத்தில் இருள வேண்டும். ஒரு மூலை மட்டும் வெளிச்சமாக நின்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுங்கள்.

கிளைசின் என்ற இன்னோர் அமினோ அமிலத்தில் வேலை செய்யப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெறும் தண்ணீரில் வளர்த்தால் ஆல்ஃபா வடிவம் வரும். பீட்டாவுக்கு எத்தனால் சேர்க்க வேண்டும், ஆனால் ஈரக்காற்று பட்டாலே அது வேறு வடிவத்துக்குப் போய்விடும். எந்த வடிவத்தில் தொடங்குகிறீர்கள் என்பது கிளைசினில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பீட்டா 0.76 கிகாபாஸ்கலிலேயே மாறிவிடுகிறது. ஆல்ஃபாவை மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் 2003-ல் ராமன் நிறமாலையில் (சிதறும் லேசர் ஒளியைக் கொண்டு மூலக்கூறின் அதிர்வுகளைப் பார்க்கும் முறை) 23 கிகாபாஸ்கல் வரை கொண்டுபோனார்கள், அது மாறவே இல்லை. மூலக்கூறு ஒன்றே, அடுக்கு மட்டும்தான் வேறு. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

வைர அடைகல் கலம்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் டயமண்ட் ஆன்வில் செல், சுருக்கமாக ‘செல்’ என்பார்கள். கொல்லன் பட்டறை அடைகல் போல இரண்டு வைரங்கள் நுனி பார்த்து நிற்கும், நடுவே படிகம். 1959-ல் அமெரிக்காவில் முதலில் செய்தார்கள். ஒற்றைப் படிக வேலைக்கு ஏற்ற, கைக்குள் அடங்கும் வடிவத்தை மெரிலும் பாசெட்டும் 1974-ல் கொண்டுவந்தார்கள்.

இவ்வளவு அழுத்தம் மூன்று சின்னத் திருகாணியிலிருந்து எப்படி வருகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். வைர நுனியின் விட்டம் 0.6 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 0.28 சதுர மில்லிமீட்டர். அதன்மேல் 5 கிகாபாஸ்கல் வேண்டுமென்றால் சுமார் 1,400 நியூட்டன் விசை போதும், அதாவது ஏறக்குறைய 140 கிலோ எடை. பரப்பு சிறுத்துப்போனதால் கைவிசையே போதுமானதாகிவிடுகிறது.

வைரங்கள் ஒன்றுக்கொன்று நேராக, இணையாக இருக்க வேண்டும். நடுவில் தகடு வைக்காமல் மெதுவாக நெருக்கி மேலிருந்து பார்த்தால் வானவில் போலக் குறுக்கீட்டு வரிகள் தெரியும். சரிசெய்யச் செய்ய வரிகள் அகன்று மறையும். இந்த இடத்தில் அழுத்திவிடாதீர்கள். வைரத்தோடு வைரம் மோதினால் விரிசல்தான்.

அப்புறம் கேஸ்கட். 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு அல்லது டங்ஸ்டன் தகடு. அதை வைரங்களுக்கிடையே வைத்து முன்கூட்டியே அழுத்தி, நடுவில் 0.1 மில்லிமீட்டர் ஆக்கிக்கொண்டு, அந்தப் பள்ளத்தின் சரியான மையத்தில் 0.25 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். மின்பொறியால் அரிக்கும் கருவி இருந்தால் அதிலேயே போடுங்கள். துளை கொஞ்சம் ஓரமாக விழுந்தாலும் அழுத்தம் ஏறும்போது அது ஒருபக்கமாக ஓடி, வைர விளிம்பைத் தாண்டிவிடும். “பரவாயில்லை, சமாளிக்கலாம்” என்று தோன்றும் துளை சமாளிக்காது, புதிதாகப் போடுங்கள். தகட்டை எந்த வாட்டத்தில் எடுத்தீர்களோ அதே வாட்டத்தில் திரும்ப வைக்க ஓரத்தில் ஒரு கீறல் போட்டு வையுங்கள்.

நிரப்புதல்

பொறுமை அதிகம் தேவைப்படும் கட்டம் இது. நுண்ணோக்கியின் கீழ் அடி வைரத்தின் நுனியில் வாசலினை மயிரிழையால் தொட்டு, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு வையுங்கள். அதன்மேல் படிகம். அதை ஒட்டாமல், துளைச் சுவரையும் ஒட்டாமல், பின்னால் அழுத்தத்தை அளப்பதற்கு மாணிக்கத் துகள் ஒன்று. சிவப்பாகத் தெரியாது, அவ்வளவு சிறியது, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. தகட்டை இறக்கும்போது படிகம் துளைக்குள் தனித்து நிற்கிறதா, சுற்றிலும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். படிகத்தைவிடத் துளை ஆழமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரவம் வழியாக வராமல் வைரமே நேரடியாகப் படிகத்தை நசுக்கும்.

இனி எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும் திரவம். மெத்தனாலும் எத்தனாலும் 4:1 கலந்தது ஏறக்குறைய 10 கிகாபாஸ்கல் வரை உறையாமல் சமமாக அழுத்தும். பென்டேனும் ஐசோபென்டேனும் சம அளவு கலந்தது 7 வரை. எல்-செரினை 5, 6 வரை பார்க்க நான் பென்டேன் கலவையைத்தான் சொல்வேன், அமினோ அமிலம் அதில் கரையாது. ஆரம்ப நாளில் தண்ணீர் கலந்த ஆல்கஹாலை ஊற்றி மூடினேன். சாயங்காலம் கூர்மையாக இருந்த படிக விளிம்புகள் மறுநாள் காலையில் கூழாங்கல் போல உருண்டு போயிருந்தன. ஒரு வாரத் தயாரிப்பு வீணானதைவிட, அரைகுறையாகக் கரைந்த படிகத்திலிருந்து எடுத்த முதல் அளவுகளை நம்பியிருப்பேனே என்ற எண்ணம்தான் அதிகம் உறுத்தியது.

பென்டேனில் இருக்கும் சங்கடம், அது நிற்காது. ஐசோபென்டேனின் கொதிநிலை 28 டிகிரி, பென்டேனுக்கு 36. கோடை அறையில் துளி விழுவதற்குள் ஆவியாகிவிடும். செல்லையும் பீச்சுகுழலையும் முன்கூட்டியே பனிக்கட்டியின் மேல் வைத்துக் குளிரவையுங்கள். குளிர்ந்த வைரத்தில் ஈரம் படியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் துளிகளை விடாமல் ஊற்ற, இன்னொருவர் மேல்பாதியை மூடித் திருகாணியைப் பிடிக்க வேண்டும், தனியாகச் செய்ய முயல வேண்டாம். பக்கத்தில் தீ, ஹீட்டர் எதுவும் இருக்கக் கூடாது. மூடியதும் நுண்ணோக்கியில் பாருங்கள். துளைக்குள் வட்டமாக ஒரு குமிழி தெரிந்தால், திருகாணியைக் கால் சுற்று இறுக்குங்கள். குமிழி சுருங்கி, புள்ளியாகி, மறைந்துவிட்டால் திரவம் சிறைப்பட்டுவிட்டது. பெரிதானால் ஒழுகுகிறது, திறந்துவிட்டு மறுபடியும் தொடங்குங்கள்.

அழுத்தத்தை அளப்பது

மாணிக்கத் துகளின் மேல் லேசரைப் பாய்ச்சினால் சிவப்பாக ஒளிரும். அந்த ஒளியில் வலுவான கோடு சாதாரண நிலையில் 694.24 நானோமீட்டர். அழுத்தம் 1 கிகாபாஸ்கல் ஏறினால் கோடு 0.365 நானோமீட்டர் நகரும். கோடு 696.05-ல் தெரிந்தால், வித்தியாசம் 1.81, அதை 0.365-ஆல் வகுத்தால் 4.96 கிகாபாஸ்கல். இவ்வளவுதான் கணக்கு.

ஆனால் வெப்பநிலையும் இதே கோட்டை நகர்த்தும், டிகிரிக்குச் சுமார் 0.007 நானோமீட்டர். ஏசி ஓடும்போது அடிப்படை அளவும், நின்றபின் அடுத்த அளவும் எடுத்தால், 5 டிகிரி வித்தியாசம் 0.1 கிகாபாஸ்கல் பொய் சொல்லும். உருமாற்றத்துக்குப் பக்கத்தில் 0.1 சின்ன விஷயமில்லை. பக்கத்தில் 692.8 அருகே இன்னொரு கோடும் தெரியும். இரண்டும் தனித்தனியாகக் கூர்மையாக இருக்கும்வரை அழுத்தம் சமமாக இருக்கிறது. அகன்று ஒன்றோடொன்று கலந்தால் திரவம் கெட்டியாகிவிட்டது என்று பொருள், அங்கிருந்து எடுக்கும் தரவை நம்ப வேண்டாம்.

எக்ஸ் கதிர்த் தரவு

படிகத்தின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் அது சிதறிப் படத்தில் புள்ளிகளாக விழும், அந்தப் புள்ளிகளிலிருந்துதான் அணுக்களின் இடத்தைக் கணக்கிடுகிறோம். முதல் தரவை அழுத்தமில்லாமல், ஆனால் அதே செல்லுக்குள் வைத்து எடுங்கள். பிறகு 0.5 அல்லது 1 கிகாபாஸ்கல் படிகளாக ஏற்றலாம், 4.5-க்கு மேல் 0.2 போதும். ஏற்றியதும் அரை மணியாவது விட்டுவிட்டு அழுத்தத்தை அளந்து, தரவு முடிந்ததும் மறுபடி அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் செல் இன்னும் அடங்கவில்லை.

மாலிப்டினம் கதிர் (0.71 ஆங்ஸ்ட்ரம்) குறைந்தபட்சம். தாமிரக் கதிரை வைரம் அதிகம் விழுங்கும், கிடைக்கும் புள்ளிகளும் குறைவு. செல்லின் எஃகு உடம்பு கதிரை மறைப்பதால் முழுத் தரவு கிடைக்காது. செரின் போல மூன்று அச்சும் செங்குத்தாக இருக்கும் படிகத்தில் சமச்சீர் ஓரளவு கைகொடுக்கும். ஓர் அச்சு சாய்ந்திருக்கும் ஒற்றைச்சரிவுப் படிகத்தில் பாதிகூடத் தேறாமல் போகலாம், அப்போது வேறு வாட்டத்தில் இன்னொரு படிகம் வைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். படத்தில் மிகப் பிரகாசமாகத் தெரியும் புள்ளிகள் வைரத்துடையவை, வட்டங்கள் தகட்டுடையவை, அவற்றை நீக்கிவிடுங்கள். தரவு குறைவாக இருப்பதால் மூலக்கூறுக்குள் இருக்கும் பிணைப்பு நீளங்களைச் சாதாரண அழுத்தத்து மதிப்பை ஒட்டியே கட்டுப்படுத்தி வைத்துத் தீர்ப்பது வழக்கம். தொடக்கத்தில் சொன்ன காரணத்தால் இதில் தவறில்லை. திருக்கக் கோணங்களை (ஒரு பிணைப்பைச் சுற்றி மூலக்கூறு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது) மட்டும் கட்டாதீர்கள், நிகழ்ச்சி நடப்பதே அங்கேதான்.

அமைப்பைப் படிப்பது

அச்சுகளின் நீளத்தை அழுத்தத்துக்கு எதிரே வரையுங்கள். செரினில் சி அச்சு மிகக் குறைவாகச் சுருங்கும். தலையும் வாலும் பிடித்து ஓடும் அந்த வரிசை அதற்கு விட்டுக்கொடுக்காது. அதிகம் சுருங்குவது பி அச்சு. நீங்கள் கையால் வரைந்து வைத்த தாளை இப்போது எடுங்கள். வளையங்களின் நடு ஓட்டைகள் மூடுவது இந்தத் திசையில்தான்.

அடுத்து ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கு ஓர் அட்டவணை போடுங்கள், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு வரி. எடின்பரோ அளவுகளில் அந்த ஹைட்ராக்சில் சங்கிலி 2.918-லிருந்து 4.8 கிகாபாஸ்கலில் 2.781 ஆகிறது. சங்கிலியில் அடுத்தடுத்த மூன்று ஆக்சிஜன்கள் போடும் கோணம் 148.5 டிகிரியிலிருந்து 158.5-க்குப் போகிறது, அதாவது நெளிந்து கிடந்த சங்கிலி நிமிர்கிறது. இன்னோர் இடத்தில் நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடைவெளி 2.691 வரை வந்துவிடுகிறது. அமினோ அமிலப் படிகங்களில் இவ்வளவு குறுகிய பிணைப்பைக் காண்பது அரிது. இதற்குமேல் அந்த அமைப்பில் சுருங்க இடமில்லை.

அப்போதுதான் அது திரும்புகிறது. பக்கச் சங்கிலி ஒற்றைப் பிணைப்பைச் சுற்றிச் சுழன்று, ஹைட்ராக்சில் தன் பழைய பங்காளியை விட்டுவிட்டுக் கார்பாக்சிலேட்டின் ஆக்சிஜனைப் பிடிக்கிறது, 2.62 ஆங்ஸ்ட்ரம் தூரத்தில். இதுதான் எல்-செரின்-2. சமச்சீர் மாறவில்லை, மூலக்கூறு வரிசைகள் கலையவில்லை, கை மாற்றிப் பிடித்ததோடு சரி. படிகம் உடையாமல் தப்புவதும் இதனால்தான். 8 கிகாபாஸ்கலை ஒட்டி மூன்றாவது வடிவமும் உண்டு, அதற்குப் பென்டேன் போதாது. வலக்கை, இடக்கை மூலக்கூறுகள் இரண்டும் கலந்த டிஎல்-செரினிலோ 8 கிகாபாஸ்கலைத் தாண்டியும் மாற்றம் எதுவும் பதிவாகவில்லை. இந்த ஒப்பீட்டை ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க்கில் எலேனா போல்திரேவாவின் குழு செய்தது.

கை மாற்றிப் பிடிக்க ஆகும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? ஒரு மூலக்கூறு 1 கன ஆங்ஸ்ட்ரம் இடத்தை மிச்சப்படுத்தினால், 1 கிகாபாஸ்கலில் மோலுக்கு 0.6 கிலோஜூல் லாபம். 5 கிகாபாஸ்கலில் 3 கன ஆங்ஸ்ட்ரம் மிச்சம் என்றால் 9 கிலோஜூல். நலிந்த ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றை விட்டுக்கொடுக்க அது தாராளமாகப் போதும். உங்கள் தரவில் கன அளவுத் தாவலைக் கண்டதும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

உருமாற்றம் என்று அறிவிக்கும் முன்

எல்-அலனினின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2 கிகாபாஸ்கல் அருகே அது, இரண்டு அச்சுகள் சம நீளமாக இருக்கும் நாற்கோண அமைப்புக்கு மாறுகிறது என்றும், 9 அருகே ஒற்றைச்சரிவுக்கு மாறுகிறது என்றும் வெளியாகியிருந்தது. 2010-ல் நோவோசிபிர்ஸ்க் குழுவினர் பொடி, ஒற்றைப் படிகம், ராமன் என்று எல்லா வழியிலும் திரும்ப அளந்தபோது இரண்டுமே தென்படவில்லை. 2-ல் நடந்தது இதுதான்: வேகமாகச் சுருங்கும் ஓர் அச்சு, மெதுவாகச் சுருங்கும் இன்னோர் அச்சைக் கடந்து போகும்போது இரண்டின் நீளமும் தற்செயலாகச் சமமாகியிருக்கிறது. சமச்சீர் அப்படியேதான் இருந்தது. அதே ஆய்வில், தண்ணீர் கலந்த ஆல்கஹாலில் ஓரிரு நாள் வைத்திருந்தபோது இரண்டு புதிய படிகங்களும் வளர்ந்தன. அவை பெரும்பாலும் கரைப்பான் உள்ளே புகுந்த படிகங்களாக இருக்கும் என்றே அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

எனவே அச்சு நீளத்தை மட்டும் பார்த்தோ, ராமன் கோட்டில் ஒரு முறிவை மட்டும் பார்த்தோ புதிய வடிவம் என்று எழுதிவிடாதீர்கள். அணுக்களின் இடம் தெரிய வேண்டும், ஹைட்ரஜன் பிணைப்பு அட்டவணையில் ஓர் ஆள் மாறியிருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இறங்கும் வழி

உச்சத்துக்குப் போனதும் வேலை முடிந்தது என்று செல்லைத் திறந்துவிடாதீர்கள். எல்-சிஸ்டீன் 1.8 கிகாபாஸ்கலுக்கு மேல் மூன்றாம் வடிவமாகிறது. இறக்கும்போது நேராகப் பழைய வடிவத்துக்குத் திரும்பாமல், 1.7 அருகே நான்காம் வடிவமாக நிற்கிறது. ஏற்றத்தில் மட்டும் அளந்திருந்தால் அது கண்ணிலேயே பட்டிருக்காது. கிளைசினின் ஜீட்டா வடிவமும் அப்படித்தான். கிளைசினின் காமா வடிவத்தை அழுத்தி எப்சிலான் வடிவமாக்கி, மறுபடி இறக்கும் வழியில் 2006-ல் ராமனில் தலைகாட்டியது. அதன் அணு அமைப்பு தெரிய 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

திருகாணியை ஒரே மூச்சில் தளர்த்தாமல், ஏறியபோது போட்ட அதே படிகளில் இறக்குங்கள், ஒவ்வொரு படியிலும் தரவு எடுங்கள். கடைசியில் செல்லைத் திறந்து, படிகம் முழுதாக இருந்தால் வாசலினோடு சேர்த்து மெல்ல எடுத்து, சாதாரண அழுத்தத்தில் ஒருமுறை அளந்து முதல் தரவோடு ஒப்பிட்டுவிட்டு, தகட்டைத் தேதியும் படிகத்தின் பெயரும் எழுதிய உறையில் போட்டு வையுங்கள்.